வீட்டின் ஞாபகம் யார் தலையில்?

மகளின் பிரசவத்துக்கோ, அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கோ அம்மா ஊருக்குக் கிளம்புகிறார். மூன்று நாளைக்கு வேண்டிய இட்லி மாவு ஆட்டி வைத்தாயிற்று. புளிக்காய்ச்சல் தயார். பால்காரரிடம் சொல்லியாயிற்று. பேருந்து தாம்பரம் தாண்டுவதற்குள் முதல் அழைப்பு வருகிறது. "ஏம்மா, துவரம் பருப்பு எந்த டப்பாவுல இருக்கு?" கொஞ்ச நேரத்தில் அடுத்தது: "கேஸ் புக்கை எங்கம்மா வெச்ச?" ராத்திரி ஒன்பது மணிக்குக் கணவர் பேசுகிறார்: "இந்த வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பருப்பு வீட்டில்தான் இருக்கிறது. கேஸ் புத்தகமும் இருக்கிறது. மாத்திரை அவர் கையிலேயே இருக்கிறது. எது எங்கே, எது எப்போது என்ற விவரம் மட்டும் பேருந்தில் ஏறிப் போய்விட்டது. நம் வீடுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன. பொருள்கள் அலமாரியில் இருக்கும், அவற்றின் கணக்கு முழுவதும் ஒரே ஒருவரின் தலையில் இருக்கும்.

வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி இப்போது நிறையப் பேச்சு. ஒரே அளவுக் கண்ணாடி ஜாடிகள், நிறம் பிரித்து அடுக்கிய சட்டைகள் என்று செல்போனில் வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் ஜாடியை மாற்றிய பிறகும் எல்லோரும் அம்மாவையே கேட்க வேண்டியிருந்தால் அந்த வீட்டில் எதுவும் மாறவில்லை. வீட்டில் இருக்கும் யாரும், யாரையும் கேட்காமல், தனக்கு வேண்டியதை எடுக்க முடிகிறதா, எடுத்ததைத் திரும்ப அதே இடத்தில் வைக்க முடிகிறதா? ஒழுங்குக்கு நான் வைக்கும் அளவுகோல் இது ஒன்றுதான். இது கைகூடினால் ஒருவருடைய தூக்கமும் நிம்மதியும் அவருக்குத் திரும்பக் கிடைக்கும்.

கணக்கில் வராத வேலை

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடுவோரில், பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுவதாக அதில் தெரிய வந்தது. சமையல், துணி துவைப்பது, பெருக்கித் துடைப்பது எல்லாம் இதில் அடங்கும். குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே, ‘கரண்ட் பில் கட்டக் கடைசி நாள் வந்துவிட்டதா, சின்னவனுக்கு ஸ்கூலில் கேட்ட போட்டோ எடுத்தாயிற்றா, மாமாவுக்குப் பிரஷர் மாத்திரை எத்தனை மீதி’ என்று ஓடும் நினைப்பை எந்தக் கணக்கெடுப்பாளரும் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. கை வேறு வேலையில் இருக்கும்போதே நடக்கும் வேலை அது.

அலிசன் டாமிங்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் அந்த வேலையைத்தான் ஆராய்ந்தார். 35 தம்பதிகளிடம் விரிவாகப் பேசி அவர் 2019-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, வீட்டைப் பற்றிய யோசனையை நான்காகப் பிரிக்கிறது. என்ன தேவைப்படப் போகிறது என்று முன்கூட்டியே உணர்வது, அதற்கு என்னென்ன வழிகள் என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிவெடுத்தது நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் மட்டும் கணவனும் மனைவியும் பெரும்பாலும் சேர்ந்திருந்தார்கள். முதலும் கடைசியும் பெரும்பாலும் மனைவியின் தலையில் விழுந்தன. இங்கே நம் வீடுகளிலும், எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற முடிவில் அப்பா இருப்பார். விண்ணப்பம் கொடுக்கும் தேதியை நினைவில் வைத்திருப்பது அம்மாவாகத்தான் இருக்கும்.

இந்தச் சுமை உடம்பில் தெரிகிறதா? லாஸ் ஏஞ்சலீஸில் இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களை வைத்து டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. கணவனும் மனைவியுமாக 60 பேர் தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டி, தங்கள் சொற்களிலேயே அதை வர்ணித்தார்கள். கூடவே, சில நாள்கள் அவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் அளவு பார்க்கப்பட்டது. மன அழுத்தத்தோடு தொடர்புடைய இந்தச் சுரப்பு காலையில் உயர்ந்து, மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். வீடு இறைந்து கிடக்கிறது, வேலை முடியாமல் நிற்கிறது என்ற தொனியில் பேசிய பெண்களுக்கு அது சரியாக இறங்கவில்லை. பொழுது சாயச் சாய அவர்களின் மனநிலையும் சோர்ந்தது. ஆண்களிடம் இந்தத் தொடர்பு அவ்வளவாகத் தென்படவில்லை.

வீடு கலைந்திருப்பதால்தான் இப்படி என்று இந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு இது புரிகிறது. சோபாவில் மடிக்காத துணி குவிந்திருந்தால் ஒருவருக்கு அது துணி. இன்னொருவருக்கு அது ராத்திரி செய்தாக வேண்டிய வேலை. அலுவலகத்திலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் ஒருவரின் வேலை நாள் முடிகிறது, இன்னொருவருக்கு அப்போதுதான் அடுத்த ஷிப்ட் தொடங்குகிறது.

மாசிகாம்போ, பௌமைஸ்டர் ஆகிய இரு உளவியலாளர்கள் 2011-ல் கண்டதும் இங்கே பொருந்துகிறது. முடிக்காமல் விட்ட காரியம் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கும். அதை முடித்துவிட வேண்டும் என்றுகூட இல்லை, எப்போது, எப்படிச் செய்யப் போகிறோம் என்று தெளிவாகத் திட்டமிட்டுவிட்டாலே அந்த அரிப்பு அடங்கிவிடுகிறது. அடுக்களைச் சுவரில் ஒரு காலண்டர், அதில் பென்சிலால் எழுதிய நான்கு வரிகள் எவ்வளவு பெரிய காரியம் என்பது இதிலிருந்து விளங்கும். தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது சுவருக்குப் போய்விடுகிறது. வீட்டில் இருக்கும் எல்லோரும் அதைப் படிக்க முடிகிறது.

சீர்காழிக்காரர் ஒருவர் காட்டிய வழி

ஒழுங்கு என்றதும் நான் நினைப்பது சீயாழி ராமாமிர்த ரங்கநாதனை. 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார், லண்டன் சென்று நூலகக் கல்வி பயின்று திரும்பினார். 1931-ல் அவர் வகுத்தளித்த ஐந்து விதிகளை இன்றும் உலகமெங்கும் நூலக மாணவர்கள் படிக்கிறார்கள்.

அலமாரிகள் பூட்டியிருக்கும் நூலகத்தை நினைத்துப் பாருங்கள். சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவருக்கு நினைவிருந்தால் புத்தகம் வரும், அவர் விடுப்பில் இருந்தால் வராது. ரங்கநாதன் இதற்கு எதிராக வாதாடினார். அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட வேண்டும், புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்க வேண்டும், முதல் முறை வருபவரும் தானே தேடி எடுக்க முடிய வேண்டும் என்றார். நூலகரின் ஞாபகசக்தியை நம்பி நடக்கும் நூலகத்தை, யார் வந்தாலும் நடக்கும் நூலகமாக மாற்றினார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்தார். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரி என்றது இன்னொரு விதி.

வீட்டுக்கு இந்த இரண்டு போதும். அடிக்கடி எடுப்பது கைக்கெட்டும் இடத்தில், எப்போதாவது எடுப்பது மேலே. வீடும் மாறிக்கொண்டே இருப்பதால் ஒருமுறை அடுக்கிவிட்டால் முடிந்தது என்று எதுவும் இல்லை. குழந்தை பிறந்த வீட்டின் அடுக்கு வேறு, தாத்தாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆன வீட்டின் அடுக்கு வேறு.

எவர்சில்வர் டப்பாக்கள்

நம் அடுக்களையில் இந்த விதிகளுக்கு முழுக்கப் பொருந்தும் பொருள் ஒன்று ஏற்கனவே இருக்கிறது. அஞ்சறைப் பெட்டி. மூடியைத் திறந்தால் கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், மிளகு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். எண்ணெய் காயும் அவசரத்திலும் ஒரு கையால் எடுக்கலாம். எது தீரப்போகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பை விட்டு நகர வேண்டியதும் இல்லை.

அதற்குப் பின்னால் அலமாரியில் நிற்கும் எவர்சில்வர் டப்பாக்கள் நேர்மாறானவை. ஒரே வடிவம், உள்ளே இருப்பது தெரியாது. எதில் ரவை, எதில் பச்சரிசி மாவு என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஜாடி வாங்கச் சொல்லவில்லை. சீர்வரிசையாக வந்த டப்பாக்கள் இன்னும் இரண்டு தலைமுறைக்கு உழைக்கும். வெள்ளைத் தாள் ஒட்டி, தமிழில் பெயர் எழுதினால் போதும். வாங்கிய மாதத்தையும் எழுதினால் பழையது முதலில் செலவாகும், வண்டு பிடித்த பயறைக் கொட்ட வேண்டியிருக்காது. பத்து வயதுப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிள்ளைக்கு எது எங்கே என்பது மறக்காது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் தினமும் தேவைப்படும் எதுவும் பரணில் இருக்கக் கூடாது, தரையிலும் இருக்கக் கூடாது. ஸ்டூல் போட்டு ஏறுவதும், இருட்டில் காலில் எதுவோ இடறுவதும் இடுப்பெலும்பு முறிவில் போய் நிற்கின்றன. கட்டிலிலிருந்து கழிவறை வரை போகும் பாதையில் மிதியடி, ஒயர், தண்ணீர்க் குடம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டால், வீட்டை ஒழுங்குபடுத்தியதில் பாதி வந்துவிட்டது.

பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும் ஆபத்து

பழைய பிஸ்கட் டின்னோ, ஸ்வீட் பாக்ஸோ, கேரி பையோ ஏதாவது ஒன்றில்தான் நம் வீட்டு மருந்துகள் கிடக்கின்றன. இதை விரிவாகப் பேசியே ஆக வேண்டும்.

மருந்துக்கடையில் பத்து மாத்திரை அட்டையிலிருந்து நான்கை வெட்டிக் கொடுக்கிறார்கள். மருந்தின் பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில். ஆறு மாதம் கழித்து அந்த நான்கில் மிஞ்சிய இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கு வாங்கியது என்று வீடே கூடி யோசிக்கிறது. கடையிலேயே தேதி இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். முடியாவிட்டால், மருந்தின் பெயர், எதற்கு, தேதி மூன்றையும் எழுதி ஒரு சின்னக் காகித உறையில் போட்டு வையுங்கள். எதற்கென்று யாருக்கும் தெரியாத மாத்திரை வீட்டில் இருக்கவே கூடாது.

அடுத்தது, ஒரே மருந்து பல பெயர்களில் இருப்பது. குரோசின், டோலோ, கால்பால் மூன்றிலும் இருப்பது பாராசிட்டமால்தான். சளிக்கென்று வாங்கும் பல கூட்டு மாத்திரைகளிலும் அது இருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று போட்டுக்கொள்பவர் ஒரே மருந்தை மூன்று மடங்கு விழுங்கிக்கொண்டிருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைய உச்சவரம்பு 4 கிராம். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் எட்டு, 650 என்றால் ஆறு. அதைத் தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு இந்த வரம்பு இன்னும் குறைவு. அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்துப் பிரித்து வைத்தால் இந்த ஆபத்து தெரிந்துவிடும்.

மருந்து வைக்கும் இடம் குளியலறையும் இல்லை, அடுப்புக்கு மேலே உள்ள தட்டும் இல்லை. ஈரமும் சூடும் மாத்திரையைக் கெடுக்கும். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைக்க வேண்டும். ஃப்ரீசரிலோ அதை ஒட்டியோ வைத்து உறைந்துபோனால் அதைப் போடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தாள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒன்று: பெயர், வயது, ரத்த வகை, என்ன நோய், என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர். இதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஒருவருக்கு வாய் கோணுகிறது, கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 108-ல் ஏற்றிக்கொண்டு போனதும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் இரண்டு: கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? அந்த நேரத்தில் பதில் தெரிந்த ஒரே ஆள் ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவராக இருந்தால் என்ன செய்வது?

தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய பிறகு, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் பல வீடுகளுக்கு வாசலிலேயே வந்துவிடுகின்றன. வந்த மாத்திரையைக் காலை, இரவு என்று இரண்டு டப்பாக்களில் பிரித்துப் போடுவது மட்டும்தான் நம் வேலை. அதை மருமகள் செய்ய வேண்டும் என்று இல்லை, சாப்பிடுகிறவரே செய்யலாம்.

அப்பாவின் பீரோ

இதுவரை அம்மாவின் தலையில் இருந்ததைப் பேசினோம். அப்பாவின் தலையில் இருப்பது வேறு: பத்திரம், பட்டா, எல்.ஐ.சி., வங்கிக் கணக்கு, நண்பருக்குக் கொடுத்த கைமாற்று, நகைக் கடன் அட்டை, தெருவில் கட்டும் சீட்டு. இவற்றில் எது எங்கே என்று பல வீடுகளில் மனைவிக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. ‘நான் பாத்துக்கறேன்’ என்று அப்பா சொல்வதில் அன்பு இருக்கிறது. ஒரு நாள் அவர் திடீரென்று போய்விட்டால், துக்கத்தோடு துக்கமாக அந்தப் பெண் ஒவ்வொரு வங்கிக் கிளையாக ஏறி இறங்குகிறார்.

2024 மார்ச் இறுதியில் இந்திய வங்கிகளில் யாரும் உரிமை கோராமல் சேர்ந்திருந்த தொகை 78,213 கோடி ரூபாய் என்கிறது ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை. பத்து ஆண்டுகள் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியிடம் உள்ள தனி நிதிக்குப் போய்விடும். அதன் பிறகும் வாரிசுகள் கேட்டு வாங்கலாம். அப்படிப்பட்ட கணக்குகளைத் தேடவென்றே ‘உத்கம்’ என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023-ல் திறந்தது. இறந்துபோன பெற்றோரின் பெயரை அதில் ஒருமுறை தேடிப் பாருங்கள். அந்த 78,213 கோடியில், கணக்கு இருப்பதே குடும்பத்துக்குத் தெரியாமல் போன பணமும் இருக்கிறது.

வெள்ளமும் நமக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியபோது ரேஷன் கார்டு, சான்றிதழ், பத்திரம் எல்லாம் நனைந்து கூழாகின. நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு ராத்திரியில் பீரோவின் எந்தத் தட்டில் எது என்று தேட நேரம் இருக்காது. அசல் ஆவணங்கள் அனைத்தும் நீர் புகாத ஒரே உறையில், ஒரே பையில் இருக்க வேண்டும். வீட்டில் யார் முதலில் எழுந்தாலும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேற முடிய வேண்டும். ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை 2015 முதல் இருக்கும் டிஜிலாக்கரிலும் சேர்த்துவிடலாம்.

பையின் மேலேயே ‘எது எங்கே’ என்ற ஒரு தாள். எந்த வங்கி, எந்தக் கிளை, எந்தப் பாலிசி, யார் நாமினி, யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறோம், யாருக்குக் கொடுத்திருக்கிறோம், நகையைத் திருப்பக் கடைசித் தேதி எது. பின் நம்பரும் பாஸ்வேர்டும் இதில் வேண்டாம். கணவன் மனைவி இருவரும் ஒன்றாக உட்கார்ந்து எழுத வேண்டிய தாள் இது. எழுதும்போது சங்கடமான சில கடன்கள் வெளியே வரும். மருத்துவமனை வராண்டாவில் யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதைவிட வீட்டுக் கூடத்தில் தெரிந்துகொள்வது மேல்.

யார் செய்வது?

இத்தனையும் படித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் அடுக்கினால் இந்தக் கட்டுரை தோற்றுவிட்டது. 289 நிமிடங்களோடு இன்னும் அறுபது சேர்ந்ததுதான் மிச்சம்.

ஒழுங்கு நம் ஊர் ஆண்களுக்குத் தெரியாததும் இல்லை. சென்னையை அடுத்த பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. தரத்துக்காக அந்தப் பரிசை வென்ற முதல் இந்திய நிறுவனம் அது. அத்தகைய தொழிற்சாலைகள் கடைப்பிடிக்கும் ஜப்பானிய ஒழுங்குமுறையான ஃபைவ் எஸ் அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் இன்று சாதாரணத் தொழிலாளிக்கும் தெரியும். வேண்டாததைப் பிரி, வேண்டியதற்கு இடம் வை, சுத்தமாக வை, அதையே வழக்கமாக்கு, விடாமல் கடைப்பிடி. சுவர்ப்பலகையில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவம் வரைந்திருக்கும், எது திரும்பி வரவில்லை என்று தூரத்திலிருந்தே தெரியும். அந்தப் பலகையை எட்டு மணி நேரம் ஒழுங்காகக் காக்கும் லட்சக்கணக்கான ஆண்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். கொழும்பு காசில் வீதி மகளிர் மருத்துவமனை இதே முறையைப் பிரசவ வார்டுகளுக்குள் கொண்டுவந்து பேர் வாங்கியது. வார்டில் முடிந்தது வீட்டில் முடியாதா? திறமை ஏற்கனவே கையில் இருக்கிறது. கத்தரிக்கோல், டார்ச், சாவி, சார்ஜர் நான்குக்கும் ஆணி அடித்து, இடம் குறித்து, அந்த இடத்துக்கான பொறுப்பை அப்பா எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளையின் பைக்கும் சீருடைக்கும் பிள்ளையின் உயரத்தில் கொக்கி இருந்தால், தொங்கவிடுவது பிள்ளையின் வேலையாகிவிடும்.

ஒற்றை அறை வீட்டில் இதெல்லாம் எப்படி என்று கேட்கலாம். கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டி, கதவுக்குப் பின்னால் கொடி என்று சின்ன வீட்டை நடத்தும் பெண்களிடம்தான் மற்றவர்கள் கற்க வேண்டும். அங்கே குறைவது இடம்தான், ஒழுங்கு அல்ல. பெரிய வீட்டில் குறைவது பொருளை வேண்டாம் என்று சொல்லும் மனம்.

சிலரால் எதையும் வெளியே போட முடியாது. பழைய செய்தித்தாள், காலி பாட்டில், பிளாஸ்டிக் கவர் என்று வீடு நடக்க இடமில்லாமல் நிறையும். சிலருக்குக் கட்டிலை விட்டு எழவே தோன்றாது, வீடு தானாகக் கலையும். இவை சோம்பல் என்று திட்டித் தீர்க்கும் விஷயங்கள் இல்லை. முன்னதைத் தனி மனநலக் கோளாறாகவே மருத்துவம் ஏற்றிருக்கிறது, பின்னது மனச்சோர்வாக இருக்கலாம். அவர்கள் இல்லாத நேரம் பார்த்து வீட்டைக் காலி செய்வது காயத்தைப் பெரிதாக்கும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

எங்கே தொடங்குவது என்றால், என் வரிசை இது: முதலில் மருந்து, அடுத்து ஆவணம், அடுக்களை கடைசி. பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரிவதால் அடுக்களையில் தொடங்கிக் களைத்துப்போகிறார்கள். மருந்து டின்னுக்கு ஒரு ஞாயிறு காலை போதும். ஆவணங்களுக்குச் சில வாரங்கள் ஆகும், ஏனென்றால் நாமினி இல்லாத கணக்கு ஒன்றாவது கண்டிப்பாக அகப்படும். 2025 நவம்பர் முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். வங்கிக்குப் போகும்போது பாஸ்புக்கோடு நாமினியாகப் போடுபவரின் பிறந்த தேதியையும் முகவரியையும் குறித்து எடுத்துச் செல்லுங்கள். திரும்பும் முன், பதிவு செய்ததற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்கி ஆவணப் பையில் போடுங்கள்.